‘சும்மா டைம்பாஸுக்குப் பார்த்தேன்’ என்னும் வாக்குமூலம்: தமிழ்த் திரை மேட்டிமை குறித்த ஓர் ஆய்வு

ஆய்வுப் பொருளும் எல்லையும்

இரண்டு பேர் ஒரே படத்துக்கு, ஒரே காட்சிக்குப் போய், அடுத்தடுத்த நாற்காலியில் உட்கார்ந்து, ஒரே இடத்தில் சிரித்து, ஒரே இடத்தில் கண்ணைத் துடைத்துக்கொள்கிறார்கள். வெளியே வந்ததும் ஒருவர் “செம படம்” என்கிறார். மற்றவர் “சும்மா டைம்பாஸுக்கு வந்தேன்” என்கிறார். இவ்விரு கூற்றுக்கும் உள்ள வேறுபாடு படத்தில் இல்லை, அரங்கில் இல்லை, பார்த்த கண்ணிலும் இல்லை. எனில் அது எங்கே இருக்கிறது என்பதே இவ்வாய்வின் பொருள். இத்துறையில் இதுவரை முனைவர் பட்டம் பெற்றார் எவரையும் இவ்வாய்வாளர் அறியார். பெற்றவர்போல் பேசுவோரை நன்கறிவார்.

ஆய்வு எல்லை திரையரங்கு, அதன் எதிரிலுள்ள டீக்கடை, அங்கிருந்து வீடு திரும்பும் பேருந்து என வரையறுக்கப்படுகிறது. பாரிஸ், டோக்கியோ முதலிய ஊர்கள் தேவைப்படும்போது மட்டும் அழைக்கப்படும். பார்க்காத படத்தைப் பற்றிப் பேசுவோரும் எல்லைக்குள் அடங்குவர். அவர்களை விலக்கினால் ஆய்வுக்கு ஆள் தேறாது.

தான் பார்த்த படத்தால் பிறரைவிடத் தான் ஒரு படி மேல் என்று நம்புபவரை இவ்வேடு ‘மேட்டிமையர்’ என்றும், பார்த்தது பிடித்திருந்தது என்று சொல்லிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போகிறவரை ‘உவகையர்’ என்றும் குறிக்கும். இருவரும் ஒரே ஆளாக இருப்பதுமுண்டு. வெள்ளிக்கிழமை உவகையராக இருந்தவர் திங்கட்கிழமை அலுவலகத்தில் மேட்டிமையராக வருவது இயல்பு.

முன்னோர் மொழிந்தவை

கலையை மேல் என்றும் கீழ் என்றும் பிரிப்பது சினிமாவோடு வந்த நோயன்று. வேந்தனுக்கு ஆடுவது வேத்தியல், ஊருக்கு ஆடுவது பொதுவியல் எனக் கூத்து இரண்டாகப் பிரிந்திருந்த செய்தி சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையிலேயே உண்டு. ஆயின் மாதவியின் அரங்கேற்றத்துக்கு அமைந்த புலவனைப் பாராட்டும்போது, அவன் இரண்டையும் அறிந்தவன் என்றே இளங்கோ பாராட்டுகிறார். இரண்டும் தெரிந்திருப்பது அன்றைய தகுதி. ஒன்றை மட்டும் தெரிந்துகொண்டு மற்றதைப் பார்த்து உதட்டைப் பிதுக்குவதைத் தகுதியாக்கியது நம் காலத்துச் சாதனை.

சினிமா வந்த பிறகு எழுந்த முதல் மேட்டிமை, நல்ல படம் எது, கெட்ட படம் எது என்று பிரிக்கவில்லை. சினிமா மொத்தத்தையும் ஒரே கூடையில் போட்டது. 1927இல் ஆங்கில அரசு சென்னை வழக்கறிஞர் டி. ரங்காச்சாரியார் தலைமையில் ஒரு விசாரணைக் குழுவை அமைத்தது. அது அனுப்பிய வினாப்பட்டியலுக்குக் காந்தியடிகளும் பதில் எழுதினார். தாம் சினிமாவுக்குப் போனதே இல்லை என்று சொல்லிவிட்டு, வெளியாளுக்கே அதன் தீமை தெரிகிறது என்ற பொருள்பட எழுதினார். பின்னர் 1944இல் ‘ராம ராஜ்யா’ பார்த்தார். படத்தைப் பாராமல் கருத்துரைக்கும் மரபு இன்று ஆல்போல் தழைத்திருக்கிறது. பார்க்கவில்லை என்று முதல் வரியிலேயே சொல்லிவிடும் பகுதி மட்டும் வழக்கொழிந்தது.

அடுத்து வந்த மேட்டிமை கட்டடத்தில் குடியேறியது. தரை, பெஞ்சு, சேர், பால்கனி என டூரிங் டாக்கீஸ் தொடங்கி நகரத்துத் தியேட்டர் வரை வகுக்கப்பட்ட வரிசையை ஆய்வாளர் எவரும் போதிய அளவு உற்றுநோக்கவில்லை. சபாவில் கச்சேரி கேட்கப் போனால் மேடைக்கு அருகில் உட்காருபவர் பெரிய மனிதர். சினிமாவில் திரைக்கு அருகில் உட்காருபவர் தரை டிக்கெட். கலையிலிருந்து எவ்வளவு தள்ளி உட்காருகிறோமோ அவ்வளவு மரியாதை என்ற கொள்கை இவ்வாறு சிமெண்டில் எழுதப்பட்டது. அதே காலத்தில் பாரிஸில் ஒரு கூட்டம் இளைஞர்கள், சினிமாத்தெக் அரங்கில் முன்வரிசைகளில் இடம் பிடித்துக் கழுத்தை அண்ணாந்து படம் பார்ப்பதையே பெருமையாகக் கொண்டனர். பிற்காலத்தில் அவர்கள்தாம் த்ரூஃபோ, கோதார் என்று பெயரெடுத்து உலகத்துக்கே ரசனை கற்பித்தனர். மணலைக் குவித்து உயரமாக்கி அதன்மேல் உட்கார்ந்து அதே கோணத்தில் பார்த்த நம் ஊர்க்காரருக்கு ‘தரை லோக்கல்’ என்ற பட்டமே கிடைத்தது.

பேராசிரியர் கா. சிவத்தம்பி இதை மறுபக்கத்திலிருந்து பார்த்தார். தமிழர் எல்லாரும் ஒரே கூரையின்கீழ் உட்கார்ந்து பார்த்த முதல் கலையரங்கம் சினிமாக் கொட்டகைதான் என்றும், அங்கே இடத்தைத் தீர்மானித்தது பிறப்பன்று, டிக்கெட் வாங்கும் சக்திதான் என்றும் எழுதினார். மேட்டிமையின் தோற்றுவாய் இங்கேதான் இருக்கிறது என்பது இவ்வாய்வாளர் துணிபு. ஒரே கூரையின்கீழ் வந்துவிட்டோமே என்ற பதற்றத்தில், உள்ளே நுழைந்த பிறகாவது பிரிந்துகொள்ள ஏதாவது வழி வேண்டியிருந்தது. நாற்காலி போதவில்லை. ரசனை வந்து கைகொடுத்தது. விநியோகஸ்தர்கள் வசூல் கணக்குக்காக வகுத்த ஏ சென்டர், பி சென்டர், சி சென்டர் என்பவை பையப்பைய மனிதர்களின் மூளை வகைகளாக மாறிய வரலாறு இவ்வாறே.

விதிகள்

மேட்டிமையரின் பேச்சைத் தொடர்ந்து காது கொடுத்துக் கேட்டதில் மூன்று விதிகள் கிடைத்தன. மூன்றும் ஒரே எடையுடையன அல்ல.

சப்டைட்டில் விதி முதலாவது. திரையின் அடியில் எழுத்து ஓடினால் அது உலக சினிமா. ஓடாவிட்டால் உள்ளூர்ச் சரக்கு. இவ்விதியின் வலிமையை அறிய ஈரானிய இயக்குநர் மஜீத் மஜீதியின் ‘சில்ட்ரன் ஆஃப் ஹெவன்’ படம் நல்ல சான்று. 1997இல் வந்தது. தங்கையின் ஷூவைத் தொலைத்துவிட்ட அண்ணன், மூன்றாம் பரிசாகக் கிடைக்கும் ஷூவுக்காக ஓட்டப் பந்தயத்தில் ஓடி, தவறிப்போய் முதல் பரிசு வாங்கிவிட்டு அழுகிறான். இங்கே அழாத மேட்டிமையர் இல்லை. அவரிடமே 1961இல் வந்த ‘பாசமலர்’ பற்றிக் கேட்டால், “ஓவர் சென்டிமென்ட், ஓவர் ஆக்டிங்” என்பார். அண்ணன் அதே அண்ணன். தங்கை அதே தங்கை. இவர் கண்ணில் வருவதும் அதே நீர். பாரசீகம் தெரியாமை ஒன்றே நடுவில் நின்று கலையைக் காப்பாற்றுகிறது.

இவ்விதியைத் திருப்பிப் போட்டும் சோதிக்கலாம். கே. எஸ். ரவிக்குமாரின் ‘முத்து’ 1995இல் இங்கே வந்தது. மலையாளத்தில் பிரியதர்ஷன் எடுத்த ‘தேன்மாவின் கொம்பத்து’ படத்தின் தழுவல். இங்கே அது ரஜினி படம், அவ்வளவுதான். 1998இல் அது டோக்கியோ போனது. ஷிபுயா பகுதியில், வெளிநாட்டுப் படங்களைத் தேடிப் பார்ப்போர் வரும் தியேட்டரில் வாரக்கணக்கில் ஓடியது. ஜப்பானியர் அடியில் ஓடிய ஜப்பானிய எழுத்தைப் படித்துக்கொண்டே குதிரை வண்டியையும் துண்டு சுழற்றுவதையும் பார்த்தனர். ஆக, முத்து உலக சினிமா. இதைக் கேள்விப்பட்ட நம்மூர் மேட்டிமையர் முதலில் சிரித்தார், பிறகு ஜப்பானியரின் ரசனையைப் பற்றிக் கவலைப்பட்டார். குரோசாவாவைத் தந்த நாடாயிற்றே என்று வருந்தினார்.

அந்தக் குரோசாவாவையும் விடக்கூடாது. 1954இல் டோஹோ என்ற ஜப்பானியக் கம்பெனி அவரது ‘செவன் சாமுராய்’ படத்தைப் பெருஞ்செலவில் எடுத்தது. அதே ஆண்டு அதே கம்பெனி ‘காட்ஸில்லா’வையும் எடுத்தது. சாமுராய்களின் தலைவராக வந்த தகாஷி ஷிமுரா, காட்ஸில்லாவில் விஞ்ஞானியாக வருகிறார். ஒரு படத்தில் கொள்ளைக்காரர் வருகிறார்கள் என்று கிராமத்தாருக்குப் போர் கற்பித்தவர், சில மாதங்களில் பல்லி வருகிறது என்று ஊரை எச்சரிக்கிறார். கம்பெனிக்கு இரண்டும் படம். வசூலாக வேண்டும். ஒன்றைத் திரைப்பட விழாவிலும் மற்றதைப் பொம்மைக் கடையிலும் வைத்தது நாம்.

அதே 1954இல் சென்னையில் நடந்ததும் குறிக்கத்தக்கது. ஏவி.எம். ‘அந்த நாள்’ எடுத்தது. எஸ். பாலசந்தர் இயக்கம், சிவாஜி நடிப்பு, பாட்டில்லை, சண்டையில்லை. அதே ஆண்டு எம்.ஜி.ஆரின் ‘மலைக்கள்ளன்’ வந்தது. பாட்டுண்டு, சண்டையுண்டு, மாறுவேடமுண்டு. தேசிய விருதுக் குழு, தமிழில் சிறந்த படம் என்று குடியரசுத் தலைவரின் வெள்ளிப் பதக்கத்தை மலைக்கள்ளனுக்குக் கொடுத்து, அந்த நாளுக்குத் தகுதிச் சான்றிதழ் கொடுத்தது. அக்குழுவினர் இன்று உயிரோடிருந்து இலக்கியக் கூட்டம் ஒன்றுக்கு வந்தால் அவர்கள் நிலை என்னாகும் என்பதைப் படிப்போர் ஊகத்துக்கே விடுகிறோம்.

இரண்டாவது, ஓட்ட நேர விதி. படம் எவ்வளவு நீளமோ அவ்வளவு ஆழம். ஹங்கேரியின் பேலா தார் எடுத்த ‘சாத்தான்டேங்கோ’ ஏழு மணி நேரத்துக்கு மேல். பிரிட்டனின் ‘சைட் அண்ட் சவுண்ட்’ இதழ் பத்தாண்டுக்கொரு முறை எடுக்கும் வாக்கெடுப்பில் 2022இல் முதலிடம் பிடித்த ஷந்தால் அகெர்மனின் ‘ழான் தீல்மான்’ 201 நிமிடம். அதில் ஒரு பெண் உட்கார்ந்து உருளைக்கிழங்கு தோல் சீவுகிறாள். பேலா தாரின் ‘டுரின் ஹார்ஸ்’ படத்தில் அப்பாவும் மகளும் தினமும் வேகவைத்த உருளைக்கிழங்கு சாப்பிடுகிறார்கள். உலக சினிமாவில் உருளைக்கிழங்கின் இடம் தனி ஆய்வுக்குரியது. (மூன்றும் அசாத்தியமான படங்கள். அது வேறு விஷயம். இது அவற்றைப் பார்த்துவிட்டு வந்தவரைப் பற்றிய ஏடு.) இவ்விதிக்கு ஒரு விலக்கு உண்டு. தமிழ்ப் படம் மூன்று மணி நேரம் ஓடினால் அது ஆழமன்று, எடிட்டிங் சரியில்லை.

மூன்றாவதே முதன்மையானது. அதை முதிர்ச்சி விதி எனலாம். எப்படம் வந்த நாளில் பழிக்கப்படுகிறதோ, அல்லது காற்று வாங்குகிறதோ, அது ஏறத்தாழ இருபது ஆண்டில் காவியமாகும்.

2003 பொங்கலுக்கு ‘அன்பே சிவம்’ வந்தது. ‘தூள்’ வந்தது. தூள் தூள் கிளப்பியது. அன்பே சிவம் படுத்துக்கொண்டது. இன்று ஒரு கூட்டத்தில் அன்பே சிவத்தின் பெயரை எடுத்துப் பாருங்கள். நாற்பது வயதைத் தாண்டிய அத்தனை பேரும் “நான் அப்பவே தியேட்டர்ல பார்த்தேன்” என்பார்கள். இவ்வளவு பேரும் அப்போது உண்மையாகவே டிக்கெட் எடுத்திருந்தால் அந்தப் படம் வெள்ளி விழாக் கண்டிருக்கும். இதனை ‘முன்தேதியிட்ட டிக்கெட்’ என்று இவ்வேடு பெயரிடுகிறது. இவ்வகை டிக்கெட் வைத்திருப்போர் இன்னொரு சங்கடத்தையும் சமாளிக்க வேண்டியிருக்கிறது. அன்பே சிவத்தை இயக்கியவர் சுந்தர் சி. கவுண்டமணியும் கார்த்திக்கும் அடித்த லூட்டியாக 1996 பொங்கலுக்கு வந்த ‘உள்ளத்தை அள்ளித்தா’வை இயக்கியவரும் அவரே. ஒரே கை இரண்டையும் செய்தது என்பதை மேட்டிமையரால் செரிக்க இயலாது. எனவே படத்தைக் கமல் தலையில் கட்டிவிட்டு, இயக்குநர் பெயர் வரும் இடத்தில் கைப்பேசியைப் பார்த்துக்கொள்வர்.

1991 தீபாவளி இன்னும் கூர்மையான சான்று. ‘தளபதி’யும் ‘குணா’வும் ஒரே நாளில் வந்தன. தளபதிக்குக் கூட்டம் நெரிந்தது. குணா அப்போது பலருக்குப் புரியவில்லை. புரியாததைப் பைத்தியக்காரப் படம் என்றார்கள். முப்பது ஆண்டுக்கும் மேல் கழித்து, 2024இல், ‘மஞ்ஞும்மல் பாய்ஸ்’ என்ற மலையாளப் படம் குணா எடுக்கப்பட்ட அதே குகைக்குள் ஒருவனை விழவைத்து, குணாவின் பாட்டையே போட்டபோது, தமிழ்நாட்டுத் தியேட்டர்கள் எழுந்து நின்று கத்தின. கத்தியவர்களில் பாதிப்பேர் 1991இல் பிறக்கவில்லை. மீதிப்பேர் தளபதி டிக்கெட்டுக்கு வரிசையில் நின்றவர்கள். அன்று குணாவுக்குப் போயிருந்த மிகச் சிலர் இன்று கொஞ்சம் எரிச்சலாக இருக்கிறார்கள். எல்லாருக்கும் பிடித்துப்போன பிறகு அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

ஓடாத படத்துக்கு மட்டுமே இவ்விதி பொருந்தும் என்பது தவறு. தூள் எடுத்த தரணியே மறு ஆண்டு, 2004இல், தெலுங்கு ‘ஒக்கடு’வைத் தழுவிக் ‘கில்லி’ எடுத்தார். ரீமேக், மசாலா, லாஜிக் இல்லை என்று அப்போது சொன்னவர்கள் சொன்னார்கள். 2024இல் கில்லி மறுபடி வெளியாகி அரங்குகள் நிறைந்தன. இப்போது அதே வாய்கள் “திரைக்கதைன்னா அது” என்கின்றன. படத்தில் ஒரு ஃப்ரேம் மாறவில்லை. பார்த்தவருக்கு அனுமதி கிடைக்க இருபது ஆண்டாயிற்று.

இது தமிழர்க்கே உரிய குணம் என்று யாரும் வருந்த வேண்டாம். ஹிட்ச்காக்கின் ‘வெர்டிகோ’ 1958இல் வந்தபோது விமர்சகர்கள் பெரிதாகக் கொண்டாடவில்லை. கூட்டத்தைப் பயமுறுத்திக் காசு பார்க்கும் சாமர்த்தியசாலி என்றே அவரைப் பலர் கருதினர். 1962 முதல் ‘சைட் அண்ட் சவுண்ட்’ வாக்கெடுப்பில் அசையாமல் முதலிடத்தில் இருந்த ‘சிட்டிசன் கேன்’ படத்தை 2012இல் கீழே இறக்கியது எது? வெர்டிகோ. அந்தச் சிட்டிசன் கேனும் 1941இல் போட்ட காசை எடுக்காத படம். ஹிட்ச்காக் கலைஞர் என்று முதலில் விடாப்பிடியாக எழுதியவர்கள், முன்னே சொன்ன அந்த முன்வரிசை இளைஞர்கள்.

அளவைக் கருவிகளைப் பற்றி ஒரு சொல். 1977இல் ‘16 வயதினிலே’ படத்துக்கு ஆனந்த விகடன் 62.5 மதிப்பெண் கொடுத்தது. மயிலுக்கு எத்தனை, சப்பாணிக்கு எத்தனை என்று யாரும் கேட்கவில்லை. அந்த அரை மதிப்பெண் எதற்காகக் கொடுக்கப்பட்டது, அல்லது எதற்காகக் குறைக்கப்பட்டது என்பது தமிழ்த் திறனாய்வின் தீராப் புதிர்களில் ஒன்று. அறுபதைத் தாண்டியதே கௌரவம் என்றிருந்த காலம் அது. எவ்வளவு மகத்தான படமானாலும் கல்லூரியில் முதல் வகுப்புக்கு மேல் போகக்கூடாது என்பது அன்றைய அறம் போலும்.

மெய்ப்பாட்டு நோக்கு

தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் எட்டு மெய்ப்பாடுகளை வகுத்து, ஒவ்வொன்றும் பிறக்க நான்கு நிலைக்களன் சொல்கிறார். ஒரு சராசரி மசாலாப் படம் எட்டையும் இடைவேளைக்குள் முடித்துவிடும்: காமெடியன் வருகிறான், நகை, அம்மா சாகிறாள், அழுகை, வில்லன் ஊரை மிரட்டுகிறான், அச்சம், தங்கையைத் தொட்டுவிட்டான், வெகுளி. மேட்டிமையரிடத்தோ எந்தப் படம் பார்த்தாலும் பிறப்பது ஒரே மெய்ப்பாடு: பெருமிதம்.

பெருமிதத்துக்குத் தொல்காப்பியர் சொல்லும் நான்கு: கல்வி, தறுகண், புகழ், கொடை. இதைவிடப் பொருத்தமாக யாரும் சொல்லிவிட முடியாது. கல்வியாவது, தார்க்கோவ்ஸ்கி என்ற பெயரைத் தடுமாறாமல் சொல்லுதல். தறுகண்ணாவது, ஏழு மணி நேரப் படத்தில் கழிப்பறைக்கு எழாமல் இருத்தல். புகழாவது, திரைப்பட விழாவின் அடையாள அட்டையை விழா முடிந்த பிறகும் கழுத்திலிருந்து கழற்றாதிருத்தல். கொடையாவது, பென்டிரைவ். கேளாதவர்க்கும் ஈவர்; பார்த்தாயா பார்த்தாயா என்று பின்னர் விடாது கேட்பர். ஈந்தவர் அதைப் பார்த்தாரா என்று கேட்பது மரபன்று. பர்மா பஜாரில் டிவிடி வாங்கிய காலந்தொட்டு, டெராபைட் ஹார்டு டிஸ்க் வரை, சேர்த்ததற்கும் பார்த்ததற்கும் உள்ள இடைவெளி வளர்ந்துகொண்டே வந்திருக்கிறது.

உவகைக்குச் சொல்லும் நான்கு: செல்வம், புலன், புணர்வு, விளையாட்டு. செல்வம் என்பது பையில் டிக்கெட் பத்திரமாக இருத்தல். புலன், ஸ்பீக்கர் அதிரும்போது நெஞ்சும் சேர்ந்து அதிர்தல். புணர்வை இங்கே கூட்டாளிகளோடு கூடியிருத்தல் எனக் கொள்க, உரையாசிரியர்கள் பொறுத்தருள்க. விளையாட்டுக்கு விளக்கம் வேண்டியதில்லை, பேப்பரைக் கிழித்துத் தூவுதலே.

மூளை வைப்பிடம் குறித்த களஆய்வு

“மூளையைக் கழட்டி வச்சிட்டுப் பார்க்கணும்” என்பது உவகையரைப் பற்றி மேட்டிமையர் சொல்வதும், உவகையரே தம்மைப் பற்றிச் சொல்லிக்கொள்வதுமான கூற்று. அவ்வாறு கழற்றப்படும் மூளை எங்கே வைக்கப்படுகிறது? வீட்டிலா, பைக் ஸ்டாண்டிலா, டோக்கன் உண்டா? இதனை அறியும்பொருட்டு மதுரையில் ஒரு தியேட்டரின் எதிரிலுள்ள டீக்கடையில் காட்சி விட்டபின் களஆய்வு மேற்கொள்ளப்பட்டது. ஓர் ஆட்டோக்காரரும், கல்லூரி மாணவர் ஒருவரும் பேசிக்கொண்டது பின்வருமாறு பதிவாயிற்று.

“எப்படிண்ணே படம்?”

“ஃபர்ஸ்ட் ஆஃப் இழுவை தம்பி. ரெண்டாவது பாட்டு தேவையே இல்ல, அங்கதான் டெம்போ உக்காந்துருச்சு. இன்டர்வெல் பிளாக் நல்லா வச்சிருக்கான். ஆனா அத இன்னும் பத்து நிமிசம் முன்னாடி வச்சிருக்கணும். வில்லன் யாருன்னு மொதல்லயே காட்டிட்டான், அப்புறம் அவன் வந்தா நமக்கு என்ன பயம்? கிளைமாக்ஸ்ல பேசிப் பேசியே கொன்னுட்டாய்ங்க.”

“மியூசிக்?”

“அடிக்க வேண்டிய எடத்துல அடிக்கல. சும்மா இருக்க வேண்டிய எடத்துல சும்மா இருக்கல.”

“நல்லாக் கவனிச்சிருக்கீங்களேண்ணே.”

“நமக்கென்ன தம்பி தெரியும்? சும்மா டைம்பாஸுக்குப் போறதுதான்.”

இதற்கு ஒப்புநோக்காக, விழாவில் ஓர் ஐரோப்பியப் படம் பார்த்துவிட்டு வந்த மேட்டிமையர் ஒருவரிடமும் அதே வினா கேட்கப்பட்டது. அவர் கண்ணை மூடி, சற்று நேரம் கழித்து, “அது ஒரு அனுபவம் பாஸ்” என்றார். மேற்கொண்டு கேட்டதற்கு, “சொன்னாப் புரியாது” என்றார்.

இரு பதிவுகளையும் அருகருகே வைத்துப் பார்க்கையில், மூளையைக் கழற்றி வைத்தவர் யார் என்பதில் ஐயம் எழுகிறது. திரைக்கதை, இசை, தொகுப்பு, காட்சி வைப்புமுறை ஆகிய நான்கையும் தொட்டுத் தீர்ப்புச் சொன்னவர் தனக்கு ஒன்றும் தெரியாது என்கிறார். ஒன்றும் சொல்லாதவர் சொன்னால் புரியாது என்கிறார்.

இதற்குக் காரணம் எளிது. உவகையர் காசு கொடுத்தது மகிழ்வதற்கு. கிடைக்கவில்லையென்றால் ஏமாந்தது அவர். எனவே ஒவ்வொரு காட்சியையும் கணக்குப் பார்க்கிறார். பாட்டு பிடிக்கவில்லையா, எழுந்து தம்மடிக்கப் போய்விடுவார், அதுவே வாக்குச்சீட்டு. ரீல் பெட்டிக் காலத்தில் கூட்டம் எழுந்து போகும் பாட்டை ஆபரேட்டர்கள் அடுத்த வாரம் வெட்டி எறிந்ததுண்டு. எந்தத் திறனாய்வாளரின் கட்டுரைக்காவது ஒரு படத்தில் ஒரு அடி ஃபிலிம் வெட்டப்பட்டிருக்கிறதா என்று எண்ணிப் பார்க்க. உவகையர் கொட்டாவி விடுவார், ஊளையிடுவார், தூங்குவார், பாதியில் கிளம்புவார். மேட்டிமையருக்கு இவற்றில் ஒன்றுக்கும் உரிமையில்லை. அவர் தனக்குத்தானே விதித்துக்கொண்ட தடைகளில் தலையாயது, ‘போரடிக்குது’ என்ற சொல்லைச் சொல்லக்கூடாது என்பது. விருது பெற்ற படத்தில் தூக்கம் வந்தால் குறை தூக்கத்தினுடையது. ஆக, எதற்கும் தலையாட்டும் கூட்டம் என்று பழிக்கப்பட்டவர் தயவுதாட்சணியமற்ற நீதிபதியாகவும், நுண்ணுணர்வின் காவலர் மிகக் கீழ்ப்படிதலுள்ள பார்வையாளராகவும் இருப்பது இக்களஆய்வின் முதன்மைக் கண்டுபிடிப்பு.

டைம்பாஸ் படத்துக்கு லாஜிக் தேவையில்லை என்பாரும் உளர். அவர்கள் 1989இல் வந்த ‘கரகாட்டக்காரன்’ படத்தின் வாழைப்பழக் காட்சியை ஊன்றிக் காண்க. ஒரு ரூபாய்க்கு இரண்டு பழம் வாங்கிவரச் சொல்கிறார் கவுண்டமணி. செந்தில் ஒன்றைத் தின்றுவிட்டு ஒன்றைக் கொண்டுவந்து தருகிறார். இன்னொன்று எங்கே என்ற வினாவுக்கு, கையில் இருப்பதே அந்த இன்னொன்று என்பது விடை. வினா மறுபடி எழுகிறது, விடை மாறவில்லை. எங்கும் பொய் இல்லை என்பதைக் கவனிக்க. எண்ணிக்கைக்கும் பொருளுக்கும் உள்ள உறவு, சுட்டுப்பெயர் எதைச் சுட்டுகிறது என்ற சிக்கல், சான்றுப்பொருள் வயிற்றுக்குள் போய்விட்ட வழக்கில் தீர்ப்பு வழங்குதலின் அருமை ஆகிய அனைத்தும் சில நிமிடங்களில் முடிகின்றன. இக்காட்சியில் லாஜிக் இல்லை என்பார் தருக்கநூல் கல்லாதவர். இருப்பது முழுக்க லாஜிக். அடி விழுவதே அதனால்தான்.

அற்றேல்

அற்றேல், உலக சினிமா பார்ப்பதெல்லாம் பாசாங்கோ எனின், அன்று. சத்யஜித் ராய் 1950இல் லண்டனில் டி சிகாவின் ‘பைசிக்கிள் தீவ்ஸ்’ பார்த்தார். 1955இல் ‘பதேர் பாஞ்சாலி’ கிடைத்தது. அவர் அதைப் பார்த்தது யாரிடமும் சொல்லிக்கொள்ளவன்று. பார்த்ததும் போய் ஒரு வேலையைச் செய்தார்.

மேட்டிமை ஒருபக்கத்துச் சொத்தும் அன்று. “நமக்கு இந்த அவார்டு படமெல்லாம் ஒத்து வராதுப்பா” என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்பவரும் மேட்டிமையரே. அவர் நிற்கும் மேடு வேறு. தமிழில் ‘அவார்டு படம்’ என்பது வசவாகிப் பல்லாண்டாகிறது. தூர்தர்ஷன் ஞாயிறு மதியம் மாநில மொழிப் படங்களைப் போட்ட காலத்தில் அவ்வசவு உரம்பெற்றது. சோறு உண்ட மயக்கத்தில் யாருக்கும் புரியாத மொழியில் யாரோ மெதுவாக நடந்து போய்க்கொண்டிருந்தார்கள். ஆயினும் பாலுமகேந்திராவின் ‘வீடு’ படத்தை இவரை உட்காரவைத்துப் போட்டுக் காட்டுக. 1988இல் வந்தது. ஒரு பெண் சொந்தமாக வீடு கட்டப் புறப்படுகிறாள். கான்ட்ராக்டர் ஏமாற்றுவான், சிமெண்ட் மூட்டை காணாமல் போகும். தானும் ஒரு வீடு கட்டிப் பாதி ஆயுளைத் தொலைத்த உவகையர், இருபதாம் நிமிடத்தில் நாற்காலி நுனிக்கு வந்து, “அட்வான்ஸ் குடுக்காதம்மா, அவன் மூஞ்சியே சரியில்ல” என்று திரையைப் பார்த்துக் கத்துவார். பேய்ப் படத்துக்கும் இப்படிக் கத்தியிருக்க மாட்டார். அவார்டு படம் என்று முன்கூட்டிச் சொல்லாமலிருத்தல் மட்டும் இச்சோதனைக்கு இன்றியமையாதது.

மேலாய்வுக்குரிய களங்கள்

இவ்வேட்டின் வரம்புக்குள் அடங்காத சில தலைப்புகள் பின்வரும் ஆய்வாளர்க்காகக் குறிக்கப்படுகின்றன. மனைவிக்காகத்தான் சீரியல் பார்க்கிறேன் என்னும் கணவர்களிடம் கதைத் தொடர்ச்சி பற்றிக் காணப்படும் துல்லியமான அறிவு. மல்டிபிளெக்ஸில் பாப்கார்ன் விலை டிக்கெட் விலையை முந்திய பின் படத்தின் தரத்தை எதைக்கொண்டு அளப்பது என்னும் சிக்கல். ஓடிடியில் ‘பிறகு பார்க்க’ என்னும் பட்டியலில் ஆண்டுக்கணக்கில் கிடக்கும் ரஷ்யப் படமும், அதன் பக்கத்திலேயே பதினேழாம் முறையாக ஓடும் வடிவேலு காமெடியும். முதல் நாள் முதல் காட்சியில் விசிலடிப்போரின் கல்வித் தகுதி.

கடைசித் தலைப்பை எடுத்துக்கொள்ள ஒரு மாணவர் முன்வந்துள்ளார். நெறியாளராக இருக்க, திரைப்பட ரசனை பற்றித் தொடர்ந்து எழுதியும் பேசியும் வரும் மூத்த பேராசிரியர் ஒருவரும் இசைந்துள்ளார். விடியற்காலைக் காட்சிகள் 2023ஓடு நின்று, முதல் காட்சி காலை ஒன்பது மணிக்கு என்று ஆகிவிட்டபடியால், பெரிய நடிகர் படம் வெளியாகும் நாட்களில் பன்னிரண்டரை மணிக்கு முன்பு தம்மைத் தொடர்புகொள்ள வேண்டாம் என்பதை மட்டும் அவர் நிபந்தனையாக வைத்திருக்கிறார். காரணம் கேட்டதற்கு, தொண்டை சரியில்லை என்றார்.